தாத்தா சொத்து பேரனுக்குத்தானா? பிறப்பால் வரும் சொத்துரிமை எங்கே உண்டு, எங்கே இல்லை

‘தாத்தா சொத்து பேரனுக்குத்தான், அப்பா நினைத்தாலும் விற்க முடியாது.’ பாகப்பிரிவினைப் பேச்சு எழுகிற வீடுகளில் இந்த வாக்கியம் தவறாமல் வந்துவிடும். மகளுக்கும் சமபங்கு என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று செய்தியாகும்போது இன்னொன்றும் கிளம்பும்: ‘அப்பா சம்பாதித்ததிலும் பிறந்த நாளிலிருந்தே எனக்குப் பங்கு உண்டு.’ முதலாவது இன்றைய குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பொருந்தாது. இரண்டாவது யாருக்குமே பொருந்தாது. இந்த நம்பிக்கையில் வழக்குப் போட்டுப் பத்துப் பதினைந்து வருடம் நீதிமன்றத்துக்கு நடப்பவர்கள் இருக்கிறார்கள். உண்மையிலேயே உரிமை இருந்தும் தெரியாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டவர்களும் இருக்கிறார்கள், அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். எனவே அடிப்படையிலிருந்தே பார்ப்போம்.

பிறப்புரிமையும் வாரிசுரிமையும்

ஒருவர் இறந்த பிறகு அவருடைய சொத்து யாருக்குப் போகும் என்பது வாரிசுரிமை. அவர் உயிருடன் இருக்கும்வரை வாரிசுகளுக்குச் சட்டப்படி எதுவும் கிடையாது. கிடைக்கலாம் என்ற எதிர்பார்ப்பு மட்டும் உண்டு. ஒரு குறிப்பிட்ட வகைச் சொத்தில், குழந்தை பிறந்த கணமே, தந்தை உயிருடன் இருக்கும்போதே, தந்தைக்குச் சமமான பங்கு ஏற்படுவது பிறப்புரிமை. தாயின் வயிற்றில் இருக்கும் குழந்தையும், உயிருடன் பிறந்தால், அந்தக் கணக்கில் சேரும்.

இது மிதாக்ஷராவிலிருந்து வருவது. மேலைச் சாளுக்கிய மன்னன் ஆறாம் விக்கிரமாதித்தனின் அவையில் இருந்த விஞ்ஞானேசுவரர் யாக்ஞவல்கிய ஸ்மிருதிக்கு எழுதிய உரை அது. வங்கத்திலும் அசாமிலும் வழங்கிய தாயபாகம், ஜீமூதவாகனர் எழுதியது, இதை ஏற்கவில்லை. தந்தை இருக்கும்வரை மகனுக்கு ஒன்றும் இல்லை என்றது. தமிழ்நாடு மிதாக்ஷரா பகுதி.

மிதாக்ஷராவே சொத்தை இரண்டாகப் பிரிக்கிறது. தடையற்ற தாயம்: தந்தை, தாத்தா, முப்பாட்டன் வழியாக ஆண் வரிசையில் இறங்கி வருவது. இதில்தான் பிறப்பால் உரிமை. தடையுள்ள தாயம்: உடையவர் உயிருடன் இருப்பதே தடை, அவர் இறந்த பிறகே அடுத்தவருக்குப் போகும். தாய்வழித் தாத்தாவிடமிருந்தோ, பிள்ளையில்லாத சித்தப்பாவிடமிருந்தோ வருவது இந்த இரண்டாம் வகை. ஊரில் ‘தாயாதி’, ‘பங்காளி’ என்கிறோமே, அந்த உறவு முறை முழுவதும் முதல் வகையைச் சுற்றி எழுந்தது. பிறப்பால் பங்கு உள்ளவரைச் சட்டமொழியில் கோபார்சனர் என்பார்கள். இந்தக் கட்டுரையில் பங்குரிமையர் என்று சொல்கிறேன்.

இவை அனைத்தும் இந்து, பௌத்த, சமண, சீக்கியக் குடும்பங்களுக்கு மட்டுமே. முஸ்லிம் சட்டத்தில் பிறப்புரிமை என்ற ஒன்றே இல்லை. கிறிஸ்தவர்களுக்கு 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும், அதிலும் இல்லை. கேரளம் இந்துக் கூட்டுக்குடும்ப முறையையே சட்டம் போட்டு ஒழித்துவிட்டது, அது 1976 டிசம்பர் 1 முதல் அமலில் உள்ளது. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையில் முதுசம் (பரம்பரையாக வந்தது), சீதனம், தேடியதேட்டம் (மணவாழ்வில் சம்பாதித்தது) என்ற பிரிவுகள் உண்டு. அது இலங்கைச் சட்டம், இங்குள்ள தீர்ப்புகளை அங்கே பொருத்திப் பார்க்கக் கூடாது.

எது ‘பூர்வீகம்’?

பழைய பத்திரங்களில் இரண்டு சொற்கள் கண்ணில் படும்: ‘பிதுரார்ஜிதமாய்ப் பாத்தியப்பட்டு’, ‘சுயார்ஜிதத்தில் கிரையம் பெற்று’. முன்னது தந்தைவழியில் வந்தது, பின்னது சொந்தச் சம்பாத்தியம். எழுதியவர் போட்ட சொல்லே முடிவாகிவிடாது. ஆனால் எங்கே தேடத் தொடங்குவது என்பதை அது காட்டிக் கொடுக்கும்.

பேச்சு வழக்கில் தாத்தா காலத்திலிருந்து இருப்பதெல்லாம் பூர்வீகம். சட்டத்தில் அப்படி இல்லை. 1956 ஜூன் 17 அன்று இந்து வாரிசுரிமைச் சட்டம் அமலுக்கு வந்தது. அந்தத் தேதிக்கு முன்பா பின்பா என்பதில்தான் பெரும்பாலான வழக்குகளின் விடை இருக்கிறது.

1. தாத்தா தன் சம்பாத்தியத்தில் வாங்கி, 17.6.1956க்கு முன் உயில் இல்லாமல் இறந்திருந்தால், அது மகன் கையில் பூர்வீகச் சொத்து ஆகிறது. அந்த மகனின் பிள்ளைகளுக்குப் பிறப்பால் உரிமை உண்டு.

2. அதே தாத்தா அந்தத் தேதிக்குப் பின் உயில் இல்லாமல் இறந்திருந்தால், சட்டத்தின் 8ஆம் பிரிவு வேலை செய்யும். மனைவி, மகன்கள், மகள்கள், தாய் ஆகியோர் முதல் வகுப்பு வாரிசுகள், எல்லோருக்கும் சமபங்கு. அப்படி மகனுக்கு வரும் பங்கு அவருடைய தனிச் சொத்து. பேரனுக்கு அதில் பிறப்புரிமை இல்லை. 1986இல் சந்தர் சென் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் சொன்னது, 2016இல் உத்தம் எதிர் சௌபாக் சிங் வழக்கில் மேலும் விரித்தது. ‘தாத்தா சொத்து பேரனுக்கு’ என்ற நம்பிக்கை உடைவது இந்த இடத்தில்தான். அந்தத் தந்தை சொத்தை விற்கலாம், ஒரே பிள்ளைக்குத் தானம் எழுதலாம், கோயிலுக்கும் கொடுக்கலாம்.

3. தாத்தா தன் சுயார்ஜிதத்தை உயில் மூலமோ தான செட்டில்மென்ட் மூலமோ மகனுக்குக் கொடுத்திருந்தால், ஆவணத்தில் என்ன நோக்கம் தெரிகிறது என்று பார்ப்பார்கள். மகனுக்கே முழு உரிமையாகக் கொடுத்தாரா, அவன் குடும்பத்துக்கென்று கொடுத்தாரா? 1953இல் சென்னை மாநிலத்திலிருந்து போன அருணாசல முதலியார் எதிர் முருகநாத முதலியார் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த விதி இது, இன்றும் நிற்கிறது. ‘சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள’ போன்ற வாசகங்கள் தனிச் சொத்தின் பக்கம் சாயும்.

4. தாயிடமிருந்தோ தாய்வழித் தாத்தாவிடமிருந்தோ வந்தது பூர்வீகம் ஆகாது.

5. அண்ணன் பெயரில் வாங்கியிருந்தாலும் கூட்டுக்குடும்ப வருமானத்தில் வாங்கியது என்று வாதிடலாம். கூட்டாக வாழ்ந்தார்கள் என்பது மட்டும் போதாது. முதலில் குடும்பத்துக்கு என்ன சொத்து இருந்தது, செலவு போக மிச்சம் பிடித்துப் புதிதாக வாங்கும் அளவுக்கு அது வருமானம் தந்ததா என்பதை வழக்குப் போடுகிறவர் காட்ட வேண்டும். இரண்டு ஏக்கர் மானாவாரி நிலத்தில் கடலை போட்டுச் சாப்பிட்ட குடும்பம், அந்த மிச்சத்தில் நகரத்தில் வீடு வாங்கியது என்றால் நீதிமன்றம் நம்பாது. இந்த வகை வழக்குகள் பெரும்பாலும் தோற்பது இந்த நிரூபணம் இல்லாமல்தான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உண்மையான பூர்வீகச் சொத்தாகவே இருந்தாலும், ஒவ்வொரு பங்குரிமையர் இறக்கும்போதும் அவருடைய பங்கு வாரிசுகளுக்குத் தனிச் சொத்தாகப் பிரிந்துகொண்டே போகிறது. தலைமுறைக்குத் தலைமுறை பூர்வீகம் தேய்கிறது.

மகள் எப்போது பங்குரிமையர் ஆனாள்?

1956 சட்டம் மகளை வாரிசாக ஏற்றது, பங்குரிமையராக ஏற்கவில்லை. தந்தையின் பங்கில் ஒரு துண்டு மட்டும் கொடுத்தது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டிலேயே பெண்களுக்குச் சம சொத்துரிமை கேட்டுத் தீர்மானம் போட்டார்கள். அது தமிழ்நாட்டில் சட்டமாக அறுபது ஆண்டுகள் ஆயின. மு. கருணாநிதி முதல்வராக இருந்தபோது வந்த தமிழ்நாட்டுத் திருத்தம் 25.3.1989 முதல் மகளையும் பிறப்பால் பங்குரிமையர் ஆக்கியது. ஆந்திரம் நமக்குச் சில ஆண்டுகள் முந்திக்கொண்டது.

ஆனால் அந்தத் தேதிக்கு முன் திருமணமான பெண்களை 1989 சட்டம் வெளியே நிறுத்தியது. ஒரே வீட்டில் 1988இல் கல்யாணமான அக்காவுக்கு இல்லை, 1990இல் கல்யாணமான தங்கைக்கு உண்டு. சகோதரிகளுக்குள்ளேயே மனக்கசப்பை உண்டாக்கிய பிரிவினை அது. 9.9.2005 அன்று அமலுக்கு வந்த மத்தியத் திருத்தம் இந்தத் திருமணக் கோட்டை அழித்தது.

2005 திருத்தத்துக்கும் வரம்புகள் உண்டு. 20.12.2004க்கு முன் நடந்த விற்பனை, உயில், பாகப்பிரிவினை எதுவும் கலையாது. பாகப்பிரிவினை என்றால் பதிவு செய்த பத்திரம் அல்லது நீதிமன்றத் தீர்ப்பாணை என்று சட்டமே விளக்கம் சொல்கிறது.

தந்தை 9.9.2005 அன்று உயிருடன் இருந்திருக்க வேண்டுமா என்ற கேள்வியில் குழப்பம் மூண்டது. ஆம் என்றது 2015இன் பூலாவதி தீர்ப்பு. 2018இல் தனம்மா வழக்கில், 2001லேயே இறந்துவிட்டவரின் மகள்களுக்கும் பங்கு கிடைத்தது. 11.8.2020 அன்று வினீதா சர்மா வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு முடித்து வைத்தது: உரிமை பிறப்பால் வருவது, ஆகவே தந்தை அன்று உயிருடன் இருந்தாரா என்பது பொருட்டல்ல. மகள் அந்தத் தேதியில் உயிருடன் இருந்தால் போதும். செய்தித் தலைப்புகள் ‘தந்தை சொத்தில் மகளுக்குச் சம உரிமை’ என்று சுருக்கியதால், அப்பாவின் சொந்தச் சம்பாத்தியத்தையும் சேர்த்துப் பலர் புரிந்துகொண்டார்கள். தீர்ப்பு பேசியது கூட்டுக்குடும்பச் சொத்தைப் பற்றி மட்டுமே.

2022 ஜனவரியில் வந்த அருணாசல கவுண்டர் எதிர் பொன்னுசாமி தீர்ப்பு வேறு வகை. 1956 சட்டத்துக்கு முன்பே, ஒருவரின் சுயார்ஜிதம் அவருடைய ஒரே மகளுக்கு வாரிசுரிமையாகப் போகும், உடன்பிறந்தவரின் மகனுக்குத் தாவாது என்றது அது. அங்கே மகளுக்குக் கிடைத்தது வாரிசுரிமை. இரண்டு தீர்ப்புகளையும் ஒரே மூச்சில் சொல்லிக் குழப்புவதை அடிக்கடி பார்க்கிறோம்.

பன்னிரண்டு ஏக்கர்: ஒரு கணக்கு

ஒரே மகனாகப் பிறந்தவர் 1950இல் தன் தந்தையிடமிருந்து 12 ஏக்கர் பூர்வீக நிலம் பெற்றார். அவருக்கு மனைவி, இரண்டு மகன்கள், 1985இல் திருமணமான ஒரு மகள். அவருடைய தாய் முன்பே காலமாகிவிட்டார். உயில் இல்லை.

2010இல் அவர் இறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இறக்கும் நொடிக்கு முன் பாகம் பிரித்ததாகச் சட்டம் பாவிக்கும். பங்குரிமையர் நால்வர்: தந்தை, இரண்டு மகன்கள், மகள். ஆளுக்கு 3 ஏக்கர். தந்தையின் 3 ஏக்கர் மனைவி, மூன்று பிள்ளைகள் என்று நான்காகப் பிரியும், தலைக்கு 75 சென்ட். முடிவில் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் 3 ஏக்கர் 75 சென்ட், அவர்களுடைய தாய்க்கு 75 சென்ட்.

இதே மனிதர் 1980இல் இறந்து, அப்போதே கணக்குப் பார்த்திருந்தால்? பங்குரிமையர் மூவர், ஆளுக்கு 4 ஏக்கர். தந்தையின் 4 ஏக்கர் நான்காகும். மகன்களுக்கு ஐந்தைந்து ஏக்கர், மகளுக்கு 1, தாய்க்கு 1. ஆனால் அன்றைய கணக்கு வெறும் பாவனைதான். பதிவான பத்திரமோ தீர்ப்பாணையோ இல்லாமல் நிலம் கூட்டாகவே கிடந்தால் அது மகளின் உரிமையை அடைத்துவிடாது என்று வினீதா சர்மா தீர்ப்பு சொல்கிறது.

அந்த நிலம் அவருடைய சுயார்ஜிதமாக இருந்திருந்தால் இந்த இரண்டில் எந்த ஆண்டு இறந்தாலும் நால்வருக்கும் மும்மூன்று ஏக்கர்.

இந்த மூன்று கணக்கிலும் தாயின் பங்கைப் பாருங்கள். பூர்வீகச் சொத்தில் 1 ஏக்கராக இருந்தது, மகளுக்கு நியாயம் செய்த திருத்தத்துக்குப் பின் 75 சென்ட் ஆகிவிட்டது. மருமகளாக வந்தவள் பங்குரிமையர் இல்லை. கணவர் இருக்கும்போது அவளால் பாகம் கேட்கவும் முடியாது. நாற்பது வருடம் அந்த நிலத்தில் களை பறித்தவளுக்கு மிகச் சிறிய துண்டு. இது சட்டத்தில் இன்னும் சரிசெய்யப்படாத அநியாயம் என்றே நான் கருதுகிறேன். இப்போதைக்கு வழி ஒன்றுதான்: பிரியாத பூர்வீகச் சொத்திலும் தன் பங்கை உயிலாக எழுத 30ஆம் பிரிவு அனுமதிக்கிறது. கணவர் தன் 3 ஏக்கரை மனைவிக்கு உயில் எழுதி வைக்கலாம்.

தந்தை விற்றுவிட்டால்

பூர்வீகச் சொத்தைக் குடும்பத் தலைவர் விற்கவே கூடாது என்பதில்லை. குடும்பக் கடன், மருத்துவச் செலவு, பிள்ளைகளின் படிப்பு, கல்யாணம் போன்ற உண்மையான அவசியத்துக்கும், சொத்தின் நன்மைக்கும் அவர் எல்லோர் பங்கையும் சேர்த்தே விற்கலாம். பத்திரங்களில் ‘குடும்ப அவசிய நிமித்தம்’ என்ற வாசகம் வருவது இதற்காக. அவசியம் இருந்தது என்று காட்டும் பொறுப்பு வாங்கியவருடையது. ஆகவே வாங்குகிறவர் வாசகத்தை நம்பி நிற்காமல், வயது வந்த மகன்கள், மகள்கள் அனைவரின் கையெழுத்தையும் கேட்பதே பாதுகாப்பு.

அவசியம் இல்லாமல் விற்றிருந்தால் பிள்ளைகள் எதிர்க்கலாம். வாங்கியவர் சொத்தைக் கைப்பற்றிய நாளிலிருந்து 12 ஆண்டுகள் கெடு. அப்போது மைனராக இருந்து, கெடு முன்பே முடிந்திருந்தால், 18 வயது நிறைந்த பின் 3 ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு.

கையெழுத்துப் போடும் முன்

விடுதலைப் பத்திரம்: மகளைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப் போய் வாங்கும் கையெழுத்து பெரும்பாலும் இதுதான். பூர்வீகச் சொத்தில் ஏற்கெனவே இருக்கும் பங்கை விட்டுக்கொடுத்தால் அது செல்லும். ஏமாற்றியோ மிரட்டியோ வாங்கியது என்றால் அது தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். தந்தை உயிருடன் இருக்கும்போது அவருடைய சுயார்ஜிதத்தில் பிள்ளை எழுதும் விடுதலை பொதுவாகச் செல்லாது, விட்டுக்கொடுக்க அங்கே உரிமையே இன்னும் பிறக்கவில்லை. ஆனால் அதற்குப் பணம் பெற்றிருந்தால் பின்னால் பங்கு கேட்பது அடைபடலாம். தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில், தந்தை இருக்கும்போதே பணம் வாங்கிக்கொண்டு விடுதலை எழுதிய மகனின் பிள்ளைகளுக்கு 2023இல் உச்ச நீதிமன்றம் பங்கு மறுத்தது.

சீர்: ‘ஐம்பது பவுன் போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சு, அதோடு கணக்குத் தீர்ந்தது’ என்பது சட்டம் அறியாத கணக்கு. நகையும் சீரும் மகளின் பங்கிலிருந்து தானாகக் கழிந்துவிடாது.

கூர்ச்சீட்டு: ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் எழுதிய, பதிவாகாத பாகச் சீட்டு. அண்ணன் தம்பிகள் அதை வைத்து முப்பது ஆண்டு அனுபவித்திருப்பார்கள். 2005 சட்டத்தின் விளக்கம் இதை ஏற்காது. தனித்தனிப் பட்டா, தனித்தனி வரி ரசீது போன்ற பொது ஆவணங்கள் வலுவாகத் துணை நின்றால் மட்டும், அதுவும் அரிதாகவே, வாய்மொழிப் பாகத்தை ஏற்கலாம் என்று வினீதா சர்மா தீர்ப்பு இடம் விட்டிருக்கிறது.

பட்டா: 1980களில் நடந்த நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், யூ.டி.ஆர். என்று வழங்குவது, மூத்த மகன் பெயரில் மட்டும் பட்டா ஏறிய நிலங்கள் ஏராளம். பட்டா வருவாய்த்துறைப் பதிவுதான். மற்றவர் உரிமையை அது அழிக்காது.

வாரிசுச் சான்றிதழ்: யார் யார் வாரிசு என்று வட்டாட்சியர் தருவது. யாருக்கு எவ்வளவு என்பதை அது சொல்லாது.

ஆவணங்களைப் பார்க்க வேண்டிய வரிசை

1. தாய்ப் பத்திரம். சொத்து குடும்பத்துக்குள் முதலில் எப்படி வந்தது, யார் பெயரில், என்ன வாசகத்தில்?

2. அவர் இறந்த தேதி, 17.6.1956க்கு முன்பா பின்பா? பழைய இறப்புகளுக்குச் சான்று கிடைக்காதபோது, பிந்தைய பத்திரங்களில் ‘காலஞ்சென்ற’ என்ற சொல் எப்போது முதல் வருகிறது என்பது துப்புக் கொடுக்கும்.

3. அடுத்தவருக்கு வந்த வழி. உயில், தானம், பாகப்பிரிவினை, அல்லது எதுவும் எழுதாமல் இறங்கியதா?

4. வில்லங்கச் சான்று. 20.12.2004க்கு முன் பதிவான பாகப்பிரிவினையோ விற்பனையோ உண்டா? இணையத்தில் கிடைக்காத பழைய ஆண்டுகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுத் தேட வேண்டும்.

5. பிறகே பட்டா, சிட்டா, அ-பதிவேடு. பலர் இங்கிருந்து தொடங்கிக் குழம்புகிறார்கள்.

பாகப்பிரிவினை வழக்கு

பங்குரிமையர் மகனோ மகளோ, தந்தை இருக்கும்போதே பாகம் கேட்டு வழக்குப் போடலாம். எல்லாப் பங்குதாரரையும், எல்லாக் கூட்டுச் சொத்தையும் சேர்க்க வேண்டும். ஒரு சகோதரியை விட்டாலோ, தனக்குப் பிடிக்காத ஒரு வீட்டை விட்டாலோ, முழுமையாகச் சேர்க்கவில்லை என்ற காரணத்தாலேயே வழக்கு அடிபடலாம்.

நீதிமன்றக் கட்டணமும் ஒன்றைப் பொறுத்தது. கூட்டு அனுபவத்தில் இருக்கிறேன் என்றால் நிலையான சிறு தொகை. வெளியேற்றப்பட்டுவிட்டேன் என்றால் உங்கள் பங்கின் சந்தை மதிப்பில் கட்ட வேண்டும். வெளியேற்றப்பட்டது தெரிந்த நாளிலிருந்து 12 ஆண்டுக் கெடுவும் ஓடத் தொடங்கும். அதனால் வழக்குக்கு முன் அனுப்பும் வக்கீல் நோட்டீஸில் ‘என்னை உள்ளே விடவில்லை’ என்று கோபத்தில் எழுதும் ஒரு வரி, பின்னால் கட்டணத்தையும் கெடுவையும் சேர்த்தே பாதிக்கும்.

முதல்நிலைத் தீர்ப்பாணை யாருக்கு எத்தனை பங்கு என்று சொல்லும். நிலத்தை அளந்து எல்லை போட்டுக் கொடுப்பது, நீதிமன்றம் அனுப்பும் ஆணையர் வந்து பார்த்த பின் வரும் இறுதித் தீர்ப்பாணையில். அதற்குள் சட்டம் மாறினாலோ பங்குதாரர் இறந்தாலோ முதல்நிலைப் பங்குகளைத் திருத்தலாம் என்று 2011இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 2005க்கு முன் முதல்நிலைத் தீர்ப்பாணை மட்டும் ஆகி, இறுதித் தீர்ப்பாணை ஆகாமல் கிடக்கும் பழைய வழக்கு உங்கள் குடும்பத்தில் இருந்தால், மகள்கள் அந்த வழக்கிலேயே பங்கைத் திருத்தக் கேட்டு மனுப் போடலாம், புதிய வழக்குத் தேவையில்லை.